பிளாஸ்ட் ஃப்ரீசருக்கு நான் கையெழுத்துப் போட்டது

சிவமயம்

பாபநாசம்,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் வானதிக்கு அம்மா எழுதுவது. ராமலிங்கசுவாமி புண்ணியத்தில் என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. வின்னிபெக்கில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். இதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன், நிதானமாகப் படி.

அப்பா ஆடியில் போனதிலிருந்து, கொழுக்கட்டைக் கம்பெனியை மூடிவிட்டு உன்னோடு வந்து இருந்துவிடச் சொல்கிறாய். உன் மேல் குற்றமில்லை. எனக்குத்தான் ஆமாம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. காலையில் எழுந்திருக்கிறேன், குளிக்கிறேன், தேவாரம் படிக்கிறேன், கணக்கு எழுதுகிறேன், எல்லாம் வேறு யாரோ செய்வது மாதிரி இருக்கிறது. இன்னும் ஒரு சொட்டு அழவில்லை, ஊரில் அதற்கும் பேசுகிறார்கள். இதற்கிடையில் நம் கொழுக்கட்டையை உறைய வைத்த சரக்காக வாங்குகிற சிங்கப்பூர்க் கடைக்காரர், சரக்கு வெடித்து வெடித்து வருகிறது, ஐஸ்கிரீம் பெட்டியில் உறைய வைத்தால் இப்படித்தான், தைக்குள் சரியான மெஷின் போடாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஆக, மெஷின் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டும்.

அப்பா தேர்ந்து வைத்துவிட்டுப் போனது குளிர் அறை. சரக்கை உள்ளே அடுக்கிக் கதவைச் சாத்தினால் ராத்திரி முழுக்க மெல்ல மெல்ல உறையும், கரண்ட் குறைவாக இழுக்கும். இன்னொன்று பிளாஸ்ட் ஃப்ரீசர். ட்ராலியோடு உள்ளே தள்ளினால் புயல் மாதிரி குளிர்காற்று அடித்து, சமைத்து இறக்குகிற நேரத்துக்குள் கல்லாக்கிவிடும். விலையும் கூட, கரண்டும் கூட. எட்டாவது படித்தவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும், போனில் படம் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். திருச்சியில் மெஷின் விற்கிற பரணிதரன் என்ற தம்பி, நம் கொழுக்கட்டையையே இரண்டிலும் உறைய வைத்து, அங்கேயே ஆவியில் ஏற்றிக் கொடுத்தார். சாமிக்கு வைக்காத கொழுக்கட்டையை நான் வாயில் வைத்ததில்லை என்று உனக்குத் தெரியும். வருஷம் திரும்பாத வீட்டில் இந்த வருஷம் சாமிக்கும் கொழுக்கட்டை இல்லை. நான் எப்படித் தின்பேன்? ஒண்ணு பிச்சுப் பாருங்கம்மா, தின்னாத்தானே தெரியும் என்று அந்தத் தம்பி கெஞ்சினார். நான் இரண்டிலும் உறைந்ததில் ஒவ்வொரு பொட்டலம், ஆவியில் ஏற்றாமலே, தெர்மாகோல் பெட்டியில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். தஞ்சாவூர் வருவதற்குள் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. வீட்டில் அவித்துக் கொடுத்ததில், இரண்டும் ஒரே சொதசொதப்பு என்று எல்லாரும் சொன்னார்கள். இரண்டும் ஒன்றுதான், அப்பா சொன்னதையே வாங்கிவிடலாம் என்று பரணிதரனுக்குப் போனே போட்டுவிட்டேன்.

லத்தீஃபாதான் விடவில்லை. நம் கம்பெனியில் மாவு பிசைகிற பொறுப்பு அவளுடையது, அதிராம்பட்டினத்துப் பெண், வாய் சும்மா இருக்காது. ஏன்க்கா, பஸ்ல உருகுனத வச்சா மெஷின் வாங்குவீங்க? உங்க சாமிக்கும் துக்கம், உங்களுக்கும் துக்கம், எனக்கென்ன வந்துச்சு, நான் திங்கிறேன் வாங்க என்று மறுபடி திருச்சிக்கு இழுத்துப் போனாள். அங்கே நின்றபடியே இரண்டையும் தின்றாள். குளிர் அறையில் வைத்தது மேல்தோல் விரிசல் விட்டுப் பாகு வெளியே ஓடியிருந்தது. பிளாஸ்டில் வைத்தது மடிப்புக்கூடக் கலையவில்லை. இது கொழுக்கட்டை, அது களி, உங்களுக்கு எது வேணும்னு நீங்களே சொல்லுங்க என்றாள். பரணிதரன் தயங்கி, ஐயா முடிவு பண்ணினத மாத்துறீங்களாம்மா என்று கேட்டார். ஐயா தின்னு பாக்கலப்பா என்றேன். அப்பா பேச்சை நான் மாற்றியது அதுதான் முதல் தடவை. மனசு அடித்துக்கொள்ளும் என்று பார்த்தேன், அதுவும் இல்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். சந்தோஷம் என்று சொன்னால் பொய். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் பசித்தது. அய்யம்பேட்டையில் இரண்டு பேரும் இறங்கி இட்லி சாப்பிட்டோம், பசித்துச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்றோ.

தாளடி நடவு முடிந்துவிட்டது, வாய்க்காலில் தண்ணீர் நிற்காமல் போகிறது. குழந்தைக்குத் தலைக்கு ஊற்றினால் உடனே துவட்டி விடு. மாப்பிள்ளையிடம் நான் கோபித்துக்கொண்டு எழுதவில்லை என்று சொல். நீ தீர்க்கசுமங்கலியாக இரு, எல்லாரும் தீர்க்காயுசாக, குறைவில்லாமல் இருங்கள் என்று என் ஆசீர்வாதம்.

மறக்காமல் ஒன்று செய். நான் அங்கே வந்தால் பனியில் போட்டுக்கொள்ள என்று கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாயே, அதை யாராவது வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பு. ட்ராலியை உள்ளே தள்ளுகிறபோது லத்தீஃபாவும் நானும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வோம்.

இப்படிக்கு உன் அம்மா,
ஜெயபாரதி