வாயைத் திறக்காத இருநூறு மீட்டர்

பெங்களூர்,
டிசம்பர் 20, 1999

அன்புள்ள அத்தாவுக்கு, தன்வீரின் ஸலாம். உங்கள் இருமல் குறைந்ததா? அம்மா சர்க்கரை நோயோடு எல்லா நோன்பும் வைக்கிறார்களா?

நான் நலம். சனிக்கிழமை தேசிய அணித் தேர்வில் இருநூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்தினேன். "வாயில தண்ணி பூந்தா நோன்பு போயிடும்பா, ஜாக்கிரதை" என்று ஃபோனில் சொன்னீர்களே, அதனால் மூக்காலேயே மூச்சு வாங்கிக்கொண்டு போனேன். கடைசித் திருப்பம் வரை நான்தான் முதல். அப்புறம் லேசாக மயக்கம். மயங்கியதில் வாய் திறந்துகொண்டது, நோன்பும் போயிற்று. கோச் குதித்துத் தூக்கிவிட்டார்.

நுரையீரலில் தண்ணீர் இறங்கிவிட்டதாம். இனிப் போட்டியே வேண்டாம் என்கிறார் டாக்டர். நீங்கள் சொன்னதால் இல்லை அத்தா. அன்றைக்கு எனக்கு உடம்பே சரியில்லை.

ஆஸ்பத்திரியில் குளிர் அதிகம், அம்மாவின் பழைய சால்வையை அனுப்பச் சொல்லுங்கள். நம் கடை வாசலில் 'மாநில சாம்பியன்' என்று என் படம் போட்டு மாட்டிய பேனர் வெயிலில் வெளுத்திருக்கும், கழற்றிவிடுங்கள்.

தபால் போட நர்ஸ் கிளம்பிவிட்டார். பெருநாளைக்கு வந்துவிடுவேன். வழக்கம்போல இருவரும் தென்னேரி ஏரிக்குப் போவோம். நீங்கள் நீந்துங்கள். நான் கரையில் உங்கள் சட்டையை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

உங்கள் மகன்,
தன்வீர்