புல்லைப் பார்த்து அளந்த வெளிச்சம்

10.01.1993, ஞாயிறு
அம்பிட்டியவில் பத்து மணிவரை பனிமூட்டம். கல்யாணப் பேச்சுக்காக, தெல்தோட்டை வாத்தியார் திருச்செல்வம் வீட்டுக்கு அனுப்ப என்னைப் படம் எடுத்தார்கள். சீதா அண்ணி முகம் நிறையப் பவுடர் பூசி, வெள்ளைச் சேலை கட்டிவிட்டு, சுண்ணாம்புச் சுவர் முன்னால் நிறுத்தினாள். "வெள்ளைக்கு முன்னால நின்னா நீயும் பளிச்சுன்னு இருப்ப." அண்ணன் குவைத்திலிருந்து கொண்டுவந்த கெமரா, வெளிச்சத்தைத் தானே கணக்குப் பண்ணிக்கொள்ளுமாம். எனக்கு இருபத்தொன்பது. இதுவும் தட்டிப்போனால் — வேண்டாம், எழுதமாட்டேன்.

16.01
படம் வந்தது. சுவர் சாம்பல் நிறம். நான் கறுப்பு — கண் எது, மூக்கு எது? இவ்வளவு பவுடர் பூசியும் இதுதானா நான்? அழுதேன். அண்ணி விடவில்லை. அடுப்புப் புகை பிடித்துக் கறுத்த குசினிக் கதவின் முன்னால் மறுபடி நிறுத்தினாள்.

19.01
இந்தப் படத்தில் ஒருத்தி நிற்கிறாள். நல்ல சிவப்பு. என் கன்னத்துத் தழும்புகூட வெளிச்சத்தில் கரைந்துவிட்டது. படத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளாகவே இருந்தேன். நினைப்பில் வாவியோரம் மெதுவாக நடந்தேன், பனி விலகி வழிவிட்டது, யாரோ திரும்பிப் பார்த்தார்கள்... அவளாக இருக்க நல்லாத்தான் இருக்கு. அண்ணி இன்றே தபாலில் போட்டுவிட்டாள்.

23.01
வாத்தியாரின் அம்மாவிடமிருந்து பதில். "பொண்ணு நல்ல செவப்பு. எங்களுக்குப் புடிச்சிருக்கு. அடுத்த ஞாயிறு வாறோம்." அண்ணி துள்ளுகிறாள். ஆனால் அவர்கள் பார்க்க வருவது அவளை.

25.01
படம் கழுவித் தரும் ஸ்டூடியோக்காரர் ஹபீல் நானாவிடம் இரண்டு படத்தையும் காட்டினேன். சிரித்தார். "தங்கச்சி, கெமராவுக்கு ஒங்களத் தெரியாது. முன்னுக்கு இருக்கிறதெல்லாம் நடுத்தர வெளிச்சம் எண்டு நெனச்சிக்கொள்ளும். வெள்ள கூடினா இருட்டாக்கும், கறுப்பு கூடினா வெளிச்சமாக்கும். புல்லுதான் அந்த நடுத்தரம். அதப் பாத்து பட்டனப் பாதி அமத்திப் புடிச்சா வெளிச்சக் கணக்கு அப்பிடியே நிக்கும், பொறகு மொகத்துக்குத் திருப்பி எடுக்கச் சொல்லுங்க."

அப்போ இரண்டுமே நான் இல்லை!

27.01
ஹபீல் நானா சொன்னபடியே அண்ணன் நேற்று எடுத்தான். இன்று படம் கையில். நான்தான். மாநிறத்துக்குக் கொஞ்சம் கீழே, தழும்போடு. அந்தச் சிவப்புக்காரியை நினைத்து ஏக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாத்தியாரின் பள்ளிக்கூட விலாசத்துக்கு நானே தபாலில் போட்டேன். 'இதுதான் நான். வருவதானால் இதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.' அண்ணிக்குத் தெரியாது. ஏன் இப்படிச் செஞ்சேன்? பைத்தியமா எனக்கு?

31.01, ஞாயிறு
காலை முழுக்க யாரும் வரவில்லை. சுட்ட வடை ஆறிப்போனது. வேறு படம் அனுப்பியதை அண்ணியிடம் சொல்லிவிட்டேன். திட்டித் தீர்த்தாள், பிறகு அவளே அழுதாள்.

நாலு மணிக்கு வாத்தியார் தனியாக வந்தார். "அம்மாவுக்குக் கோவம். மொத வந்த படத்துச் செவப்புப் பொண்ணுதான் வேணுமாம். எனக்கு, கடைசியா வந்த படத்துல இருக்கவங்களப் பாக்கணும்."

தேத்தண்ணி கொண்டுபோனேன். பவுடர் பூசவில்லை. அவர் பார்த்தார். நான் தலை குனியவில்லை.