ஒலிநிறை மாடம்

இன்று காலை கடைப் பையை மேசையில் வைத்தபோது ஒரு தோடம்பழம் உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுக்க நினைப்பதற்கு முன்னரே என் வலது கால் நீண்டு, உட்பாதத்தால் அதை மெல்ல நிறுத்திவிட்டது. மனைவி பார்த்துவிட்டுச் சிரித்தாள். அண்ணை இருந்த காலத்தில் ஒருநாளாவது இப்படி நிறுத்தினீர்களா என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். பழத்தை உரித்து, உப்பும் மிளகாய்த் தூளும் தூவி, நின்றபடியே தின்றேன். சமையலறை முழுக்க எங்கள் ஆட்ட இடைவேளையின் மணம். மேசையில் பழைய மாணவர் சங்கத்து மலரின் அச்சுப்படி திருத்தக் கிடக்கிறது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு, அண்ணை, உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு மாரி கழிந்துவிட்டது. என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு உங்களுக்கு. ஆனாலும் ஊரே அண்ணை என்றது, நானும் அண்ணை என்றேன். நீங்கள் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு வைத்த பெயர் 'செக்கட்டரி'. என் மனைவியிடம் கூட, "செக்கட்டரி எழும்பிட்டாரோ?" என்றுதான் தொலைபேசியில் கேட்பீர்கள்.

செயலாளர் பதவி எனக்குப் பொருத்தமானதுதான். கவுன்சிலில் நாள் முழுக்கப் படிவங்களோடு மல்லுக்கட்டுகிறவன், மாலையில் எங்கள் கல்லூரியின் லண்டன் பழைய மாணவர் சங்கத்துப் படிவங்களோடு மல்லுக்கட்டினேன். எழுத்துப் பிழை கண்டால் எனக்குச் சோறு இறங்காது. யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் ஒவ்வொரு கோடையும் கூடி ஆடும் உதைபந்தாட்டப் போட்டிக்கு நாங்களும் ஓர் அணி அனுப்புவோம். ஊரில் எங்கள் கல்லூரி என்றால் எதிரணி முதல்நாள் இரவே தூங்காது. லண்டனில் எங்களோடு ஆட்டம் என்றால் எதிரணி அன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உல்லாசமாக வரும். நீங்கள் வருவதற்கு முந்தின கோடையில் ஒன்பது பேரோடு இறங்கினோம். கோல் காத்தவர் எங்கள் தலைவரின் மைத்துனர். மழை தூறினால் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிடுவார். அந்த நேரம் பார்த்துப் பந்து உள்ளே போய்விடும்.

தலைவர் ஒரு டொக்டர். நல்ல மனிதர், மானம் மட்டும் கொஞ்சம் பெரிது. வருகிற கோடையில் ஒரு ஆட்டமாவது வெல்லாவிட்டால் அணியைக் கலைத்துவிட்டு வருடாந்த இராப்போசனத்தோடு நிற்போம் என்று பொதுக்கூட்டத்தில் சொல்லிவிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. நான் பந்து உதைக்கத் தெரியாதவன். பள்ளியிலும் கோல் கணக்கு எழுதுகிற கொப்பியோடு கோட்டோரத்தில் இருந்தவன். ஆனால் கிழமை முழுக்க ஆங்கிலத்தில் பணிந்து பேசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் மிச்சம் என்ற தென்லண்டன் ஊரின் புல்வெளியில் தமிழில் சண்டை பிடிக்க எனக்கு வேறு இடம் இருக்கவில்லை.

அந்தப் புல்வெளிக்குத்தான் நீங்கள் வந்தீர்கள். எண்பதுகளின் நடுப்பகுதி. பெற்றோல் ஸ்டேசன் ஷிப்ட் முடிந்து, சீருடையோடு வந்து கோட்டுக்கு வெளியே நின்றீர்கள். எங்களிடம் இருந்த ஒரே பந்துக்குக் காற்று நிற்காது. யாரும் கேட்காமலே அதை வாங்கிக்கொண்டு போய், அடுத்த ஞாயிறு கல்லுப் போல் கொண்டுவந்து தந்தீர்கள். பிறகு மூன்று ஞாயிறுகள் வாயே திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான்காவது ஞாயிறு என்னிடம் வந்து சொன்னீர்கள்:

"காத்து எங்கால போகுதெண்டு பாத்துத்தான் ஒட்டுப் போடவேணும், செக்கட்டரி. உங்களுக்கு ரெண்டு இடத்தால போகுது. ஒண்டு, பதினொண்டுக்கு ஆள் காணாது. மற்றது, இருக்கிற அவ்வளவு பேரும் பந்துக்குப் பின்னால ஓடினம்."

அன்றிலிருந்து நீங்கள் எங்கள் பயிற்றுநர். யாரும் நியமிக்கவில்லை, யாரும் மறுக்கவுமில்லை. ஊரில் எங்கள் கல்லூரி மைதானத்தின் மேற்கு மூலையில் மழைக்குத் தண்ணீர் நிற்பதும், எந்தக் காலத்து அணியில் யார் இடதுகாலால் அடித்தார் என்பதும் உங்களுக்கு மனப்பாடம். பழைய மாணவர் அல்லாமல் வேறு யாருக்கு இதெல்லாம் தெரியும்?

ஆள் பிடிக்க நீங்கள் கண்ட வழியை இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம். குரோய்டனில் அகதி விண்ணப்பங்கள் பார்க்கும் அந்த உயரமான கட்டடத்துக்கு, யாருக்கோ மொழிபெயர்க்க விடுப்பு எடுத்துக்கொண்டு நான் போனபோது, ஒரு பை தோடம்பழத்தோடு நீங்களும் வந்தீர்கள். வெளியே வரிசையில் நின்ற நம்மவர்கள் பக்கமாகத் தவறி விழுந்தது போல் ஒரு பழத்தை உருட்டிவிட்டீர்கள். முதலாமவர் குனிந்து கையால் எடுத்தார். நன்றி சொல்லி, பழத்தை அவருக்கே கொடுத்தீர்கள். இரண்டாமவரும் அப்படியே. மூன்றாவது பழத்தை, செருப்புப் போல் தேய்ந்த சப்பாத்துப் போட்ட ஒரு மெலிந்த இளைஞன், பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே உட்பாதத்தால் நிறுத்தி, மேலே தட்டிக் கையில் ஏந்தினான். உங்கள் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டீர்கள். அவன் எங்கள் பரம எதிரிக் கல்லூரியின் பெயரைச் சொன்னான்.

நான் உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன். பெயரை மட்டும் எங்கள் பட்டியலில் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று காதுக்குள் சொன்னேன். நீங்கள் அவனுக்கு இரண்டு பழம் கொடுத்து, அவர்களுடைய சங்கச் செயலாளரின் தொலைபேசி இலக்கத்தையும் என்னிடமே வாங்கி எழுதிக் கொடுத்தீர்கள். திரும்பி வரும் பஸ்ஸில் நான் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தேன். அன்று என்னையும் சோதிக்க ஒரு பழம் உருட்டினீர்கள். நான் கையால் எடுத்தேன். "நீர் பேனையோடயே இரும்," என்றீர்கள்.

ஆனாலும் ஆள் சேர்ந்தது. எட்மண்டனில் ஓர் அறையில் ஆறு பேர் இருந்த வீட்டில் மூன்று பேர் எங்கள் கல்லூரி. அதில் ஒருவன் ரவி, இடதுபக்கம் ஓடினால் காற்று. ஒரு கடையின் சாமான் ஏற்றும் வானை இரவல் வாங்கி, ஞாயிறு விடிந்ததும் லண்டனின் ஒரு தலைப்பிலிருந்து மற்றத் தலைப்புக்கு அவர்களை ஏற்றிவந்தீர்கள். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்களை, முதலில் வானுக்குள் அரைமணி படுங்கோ என்று விட்டுவிட்டுத்தான் பயிற்சி தொடங்குவீர்கள். தொந்தி வைத்த பழைய ஆட்களையும் நீங்கள் விலக்கவில்லை. தலைவரின் மைத்துனரைக் கோலிலிருந்து எடுத்து முன்னுக்கு விட்டு, எங்கே நிற்கச் சொன்னேனோ அங்கேயே நில்லுங்கோ, மற்றதைப் பந்து பார்த்துக்கொள்ளும் என்றீர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் இருந்தது. எங்களுக்கு விளங்கவே இரண்டு மாதம் பிடித்தது.

போட்டிக்கு முந்தின வாரம் நான் அந்தப் பிழையைச் செய்தேன். தொடக்க விழாவில் ஒவ்வொரு அணியும் தன் கல்லூரிக் கீதத்தைப் பாடவேண்டும். அதற்காகப் பயிற்சி முடிந்து வானில் வரும்போது எல்லாரும் பாடிப் பார்த்தோம். 'எங்கள் ஒளிநிறை மாடம்' என்ற வரி வந்தது. வானை ஓட்டிக்கொண்டிருந்த நீங்கள், கண்ணை மூடாத குறையாக உருகி, 'ஒலிநிறை மாடம்' என்று பாடினீர்கள். என் வாய் சும்மா இருக்குமா? "அண்ணை, அது ஒளி. வெளிச்சம். ஒலி இல்லை," என்றேன். வானுக்குள் பாட்டு நின்றுவிட்டது. அணி இளைஞர்கள் எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். நீங்கள் மட்டும் சிரித்தபடி, "அப்பிடியோ?" என்றீர்கள்.

எங்கள் கல்லூரியில் அந்த எழுத்தைப் பிழையாகப் பாடியவனுக்குப் பிரம்படியில் உள்ளங்கை சிவந்துவிடும். நான் வாங்கியிருக்கிறேன். அங்கே படித்தவருக்கு அது எப்படிப் பிழைக்கும் என்று எனக்கு உறுத்தியது. சனிக்கிழமை பின்னேரம் அணிப் பட்டியலை நிரப்ப உட்கார்ந்தேன். பட்டியலில் உள்ள அனைவரும், பயிற்றுநர் உட்பட, கல்லூரியில் படித்தவர்கள் என்று செயலாளர் கையெழுத்திட வேண்டும். உங்கள் பெயருக்கு எதிரே 'படித்த ஆண்டுகள்' வெறுமையாக இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு உங்கள் பெற்றோல் ஸ்டேசனுக்கு வந்தேன்.

நீங்கள் ஒன்றையும் மறைக்கவில்லை.

"நான் அங்க படிக்கேல்லை. உங்கட பள்ளிக்கூடக் கேற்றுக்கு நேரெதிரா சைக்கிள் கடை இருந்ததெல்லே, அது அப்பான்ர கடை. ஏழாம் வகுப்போட நான் கடைக்கு வந்திட்டன். பதினொரு வருசம் உங்கட கிரவுண்டைப் பாத்தபடிதான் ஒட்டுப் போட்டனான். பந்துக்கும் நான்தான். படிச்சனான் எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை, செக்கட்டரி. ஒருத்தரும் கேக்கவுமில்லை."

உண்மைதான். எல்லாரிடமும் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டது நீங்கள். கேட்கிறவரை யார் கேட்பார்கள்? பிறகு நீங்கள் சொன்னதுதான் என்னைக் கொன்றது. "உம்மட சைக்கிள் பச்சை. பின் சில்லு இடப்பக்கம் இழுக்கும். எத்தினை தரம் நிமித்தித் தந்திருப்பன்."

எட்டு வருடம் அந்தக் கடையில் சைக்கிளைக் கொடுத்து எடுத்திருக்கிறேன். சைக்கிள் நினைவிருந்தது, சில்லு நினைவிருந்தது, கடை வாசலில் இருந்த தண்ணீர்ச் சட்டி கூட நினைவிருந்தது. முகம் நினைவில்லை. நான் பார்க்கவேயில்லை. நீங்களோ புல்வெளிக்கு வந்த முதல் நாளே என்னை அடையாளம் கண்டிருக்கிறீர்கள். வெட்கத்தில் பட்டியலை மடிக்கிறேனா கிழிக்கிறேனா என்று தெரியாமல் நின்றேன். நீங்கள்தான் என்னைத் தேற்றினீர்கள்.

"பேரை வெட்டிவிடும். நான் கோட்டுக்கு வெளியில நிண்டு பாக்கிறன். எனக்குப் பழகின இடம்தானே."

வீட்டுக்கு வந்து, என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு படிவத்தில் பொய் எழுதினேன். உங்கள் பெயருக்கு எதிரே நான் படித்த ஆண்டுகளை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

போட்டியன்று காலையில் டொக்டர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு உங்களையும் பார்த்தார். "உம்மட வகுப்போ? எனக்கு ஆளைக் கண்ட ஞாபகம் இல்லையே," என்றார்.

"எனக்கும் கனகாலம் ஞாபகம் இல்லாமத்தான் இருந்தது, டொக்டர்," என்றேன். அவர் மேலே கேட்கவில்லை.

முதல் ஆட்டம் தோற்றோம், இரண்டாவது சமநிலை. கடைசி ஆட்டம் அந்த எதிரிக் கல்லூரியோடு. அவர்களுடைய முதல் கோலை அடித்தது யார்? நீங்கள் இரண்டு தோடம்பழம் கொடுத்து அனுப்பிய அதே மெலிந்த இளைஞன். நான் உங்களை முறைத்தேன். நீங்கள் அவனுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தீர்கள். இடைவேளையில் உப்பும் தூளும் போட்ட பழத்துண்டுகளை நீட்டியபடி ஒரே ஒரு விஷயம் சொன்னீர்கள்: அவர்களுக்கு வலதுபக்கத்தால் காற்றுப் போகிறது. அந்த வழியால் ரவி ஓடி ஒன்றை அடித்தான். முடிய இரண்டு நிமிடம் இருக்க, அவன் மறுபடி ஓடிவந்து அடித்த பந்து, நிற்கச் சொன்ன இடத்திலேயே நின்றுகொண்டிருந்த மைத்துனரின் தோளில் பட்டு உள்ளே போனது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார் என்று இன்றும் சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. டொக்டர் சப்பாத்தோடு சேற்றுக்குள் ஓடினார்.

நான் அழுதேன். ஒளிக்க என்ன இருக்கிறது.

வெற்றி மயக்கத்தில் எல்லாரும் வட்டமாக நின்று கீதம் பாடினார்கள். அந்த வரி வந்தபோது ரவியும் மற்றவர்களும் உங்களைப் பார்த்தபடி 'ஒலிநிறை மாடம்' என்று உரத்துப் பாடினார்கள். நான் ரவியை ஒதுக்கி இழுத்து, நீங்கள் கல்லூரியில் படிக்காதவர் என்று அவர்களுக்கு முன்பே தெரியுமோ என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"எங்கட சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டவரை எங்களுக்குத் தெரியாதோ, செக்கட்டரி அண்ணை? உங்களுக்குத் தெரியாதெண்டதுதான் எங்களுக்குத் தெரியாது."

அணி கலையவில்லை. தொண்ணூறுகளில் இருமுறை இறுதியாட்டத்துக்கு வந்தோம், ஒருமுறை கிண்ணமும் தூக்கினோம். இப்போது பிள்ளைகளுக்கென்று தனி அணி இருக்கிறது. பயிற்சி கொடுப்பவன் ரவி. தோடம்பழம் உருட்டித்தான் ஆள் தெரிவு செய்கிறான். இங்கே பிறந்த பிள்ளைகள் அதை ஏதோ பழைய யாழ்ப்பாண வழக்கம் என்று நம்புகின்றன. உங்கள் பெயருக்கு எதிரே ஒவ்வொரு வருடமும் என் ஆண்டுகளையே எழுதிவந்தேன். எழுத எழுத அது எனக்குப் பொய்யாகத் தோன்றாமல் போய்விட்டது. நானும் உங்கள் கடை வாசலில் படித்தவன்தானே.

இதோ, ஒதுக்கி வைத்த அச்சுப்படியை மறுபடி எடுத்திருக்கிறேன். தட்டச்சுச் செய்தது ரவி. வழக்கம் போல் பிழைகள் மலிந்து கிடக்கின்றன. தலைவர் செய்தியில் ஐந்து, என் சொந்த அறிக்கையில் இரண்டு. சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுக்கொண்டே கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அங்கே கல்லூரிக் கீதம். நான்காவது வரியில் 'எங்கள் ஒலிநிறை மாடம்' என்று இருக்கிறது. மலர் வந்ததும் நாலு பேராவது தொலைபேசி எடுத்து என்னைக் கிழிப்பார்கள். செயலாளருக்கு லகரம் ளகரம் தெரியாதா என்பார்கள்.

எடுக்கட்டும். பக்கத்தின் அடியில் 'சரி' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டேன்.