வெள்ளிக்கிழமை வீட்டு மேடத்துக்கு

அபுதாபி முசஃபாவில் எங்கள் ஒர்க்ஷாப்புக்குப் பக்கத்தில் லெபனான்காரர் ஒருவர் புதிதாக பேக்கரி திறந்திருக்கிறார். நேற்று அந்தப் பக்கம் போனபோது கண்ணாடிக்குள், வெள்ளிக்கிழமைதோறும் நீங்கள் சுடுவது போலவே, சடை போல் பின்னிய ரொட்டி இரண்டு இருந்தன. மேலே எள் தூவி, முட்டை தடவிச் சுட்ட வாசனை. நான் டீ குடிக்கப் போனவன் டீயை மறந்து நின்றேன், மேடம். நீங்கள் கண்ணை மூடிவிட்டதாக உங்கள் வீட்டுக்காரர், ஐயா, போனில் சொல்லி அன்றைக்கு ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

துபாயில் எங்கே பார்த்தாலும் கிரேன் நின்ற வருஷங்கள் அவை. ஜெபல் அலியில் இருந்த ஆள் சப்ளை கம்பெனி ஒன்று என்னை உங்கள் வில்லாவுக்கு டிரைவராக அனுப்பியது. கொச்சியில் பிறந்த யூதப் பெண் என்று நீங்கள் சொன்னபோது, அப்படியும் ஆட்கள் இருக்கிறார்களா என்று வாயைப் பிளந்தேன். கோயம்புத்தூரில் படித்ததால் உங்களுக்குத் தமிழ் நன்றாக வரும். கோபம் வந்தால் மட்டும் மலையாளம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் ஹால்தான் ஜெபவீடு. போர்டு கிடையாது, திரைச்சீலை எப்போதும் மூடியிருக்கும். பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் முழு ஜெபம் என்பதால் ஒன்பதாவது ஆள் வந்ததும் எல்லோரும் வாசலையே பார்ப்பார்கள். வெளியே யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. நானாகவே சொல்லவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை நான் செய்த காரியம் நினைவிருக்கிறதா? ஆகஸ்ட் மாதம். ஹாலில் ஆளே இல்லை, ஏசியும் விளக்கும் மதியத்திலிருந்து எரிந்துகொண்டிருந்தன. பொறுப்பான பிள்ளை என்று பெயர் வாங்கிவிடலாம் என எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போனேன். பொழுது சாய்ந்து உங்கள் ஓய்வு நாள் தொடங்கிவிட்டால் நீங்கள் யாரும் சுவிட்சைத் தொட மாட்டீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தண்ணீர் கொண்டு வந்தபோது, நீங்கள் ஏற்றி வைத்த இரண்டு மெழுகுவத்தி வெளிச்சத்தில் பத்து ஆண்கள் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் சுவிட்சில் கை வைத்தேன். "வேண்டாம் முத்து, அப்படியே இருக்கட்டும்" என்றீர்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் அவமானத்தில் உடம்பு கூசியது.

மறுநாள் நட்சத்திரம் தெரிந்து அது முடிந்த பிறகு விளக்கிச் சொன்னீர்கள். ஓய்வு நாள் வீட்டுக்காரருக்கு மட்டும் இல்லை, அந்த வாசலுக்குள் வேலை செய்கிறவருக்கும்தான். உங்கள் சுகத்துக்காக என்னை சுவிட்ச் போட வைத்தால் அது ஓய்வே இல்லை என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓய்வு எடுத்து எங்கே மேடம் போவது, பாஸ்போர்ட் கம்பெனியில் பூட்டிக் கிடக்கிறது, மூன்று வருஷம் முடியாமல் ஊர் மாஃபி, கிடையவே கிடையாது என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு போய்விட்டது, என் பெயரை மட்டும் குழறிக் குழறிச் சொல்கிறது என்று தங்கச்சி போனில் அழுதாள். கம்பெனி மேனேஜர் தஞ்சாவூர்க்காரர்தான். "ரூல் அப்படித் தம்பி, நான் என்ன பண்ண முடியும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். வில்லா கேட்டைத் திறந்து மூடுகிறவன் நான்தான், ஆனால் அந்தக் கேட்டுக்கு வெளியே எனக்குப் போக இடமில்லை.

சனிக்கிழமை ஜெபம் முடிந்ததும் நீங்கள் என் விஷயத்தை எடுத்தீர்கள். சமையலறைக் கதவோரம் நின்ற எனக்கு அந்த இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது, மீதியைப் பிறகு ஐயா சொன்னார். வைர வியாபாரி ஒருவர் தலையிட வேண்டாம் என்றாராம். கம்பெனியோடு மோதினால் நம்மைத் தோண்டுவார்கள், இத்தனை பாடுபட்டுச் சேர்த்த பத்துப் பேரும் சிதறிவிடுவோம் என்றாராம். அவர் பயந்ததில் தப்பில்லை. நீங்களும் பயந்துதான் இருந்தீர்கள், விரல்கள் மேஜை விரிப்பைத் திருகிக்கொண்டே இருந்தன. ஆனாலும் சொன்னீர்கள்: அடைபட்ட ஒருவனை விடுவிக்க வேதச் சுருளையே விற்கலாம் என்று நம் முன்னோர் சொல்லியிருக்கும்போது, ஒரு ஹாலுக்காக இவனை விட்டுவிடுவதா?

ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் ஜெபல் அலிக்குப் போனோம். பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது இந்த ஊர்ச் சட்டப்படி குற்றம், தராவிட்டால் இப்படியே லேபர் ஆபீசுக்குப் போகிறோம் என்றீர்கள். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "போங்களேன். வெள்ளிக்கிழமை உங்க வீட்டுல என்ன கூட்டம் நடக்குதுன்னு நாங்களும் எழுதிப் போடுறோம்" என்றார்.

எழுந்து போய்விடலாம் மேடம் என்றேன்.

"ஜெபம் நடக்குது. எழுதறதா இருந்தா அட்ரஸைச் சரியா எழுதிக்கோங்க" என்று சொல்லி வில்லா நம்பரையும் சொன்னீர்கள்.

அரை மணி நேரத்தில் பாஸ்போர்ட் என் கையில் இருந்தது. மூன்றாம் நாள் அம்மாவுக்கு நான் கஞ்சி ஊட்டினேன். ஒன்பது நாள் ஊட்டினேன், மேடம். பத்தாம் நாள் அம்மா போய்விட்டது.

மேனேஜர் சொன்னபடியே எழுதிப் போட்டிருக்கிறார். வில்லா சொந்தக்காரர் வந்து கூட்டம் கூடாது என்று சொல்லிவிட, பத்துப் பேரும் பிரிந்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் உங்களுக்கு முழு ஜெபம் இல்லை. இதையும் ஐயாதான் இப்போது சொன்னார். நான் போன் செய்தபோதெல்லாம் "எல்லாம் சுகம், அம்மாவைப் பாத்தியல்லோ, அது போதும்" என்று நீங்கள் பேச்சை மாற்றிவிட்டீர்கள்.

வேறு விசாவில் திரும்பி வந்த நான் இப்போது சூப்பர்வைசர். எனக்குக் கீழே பதினேழு டிரைவர்கள். அவர்களுடைய பாஸ்போர்ட்டெல்லாம் என் இரும்பு அலமாரியில் இருக்கின்றன. முதலாளி உத்தரவு. ஒருவன் ஓடிப்போனாலும் என் விசா கேன்சல். பத்திரமாக இருக்கட்டும் என்று நானும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டேன். போன வாரம் செல்வம் என்ற டிரைவர், அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று வந்து நின்றான். "ரூல் அப்படித் தம்பி" என்றேன். கையில் டீ கிளாஸ் வேறு.

நேற்று பேக்கரியிலிருந்து நேரே வந்து அலமாரியைத் திறந்து, டிரைவர்கள் தங்கும் கேம்புக்குப் போய் அவன் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. செல்வம் திரும்பி வருவானா, தெரியாது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பாக்கி பதினாறு உள்ளேதான் இருக்கின்றன, மேடம். சாவி என் பாக்கெட்டில் இருக்கிறது.