காப்புக் கட்டிய தோட்டம்

6 மார்ச் 1957, புதன்

லயத்து வரிசை வீடுகளில் ஆண்கள் இன்று சிரித்த சிரிப்பை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

என்னிடம் படித்த செல்விக்கு இருபத்தாறு வயது. மார்பில் புற்றுநோய். தாமதிக்காமல் ஒரு மார்பை எடுத்துவிட வேண்டும் என்று கண்டி டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மன்மதனை எரிக்கும் திருவிழாவான காமன் கூத்துக்குக் காப்புக் கட்டியாயிற்று, முடியும்வரை யாரும் தோட்டத்து எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது என்று பெரிய கங்காணி தடுக்கிறார். ஓய்வு பெற்ற வாத்தியார் நான் சொன்னால் கேட்பார்கள் என்று பேசப் போனேன்.

வழக்கம்போல் ஓர் உதாரணம் சொன்னேன். "கவ்வாத்து வெட்டுனா தேயிலைச் செடி செத்தா போவுது? தழைக்கத்தானே செய்யுது?"

"செடிக்குப் புருசன் இல்லீங்களே சார்!" என்றார் கங்காணி. எல்லோரும் சிரித்தார்கள். அவள் கணவன் முருகையாவும் சிரித்தான்.

செல்வி உள்ளேயிருந்து வந்து கங்காணியின் முன் நின்றாள். "முந்தாநேத்து ஹட்டன் டவுன்ல குடிச்சிட்டு ராத்திரி அங்கேயே விழுந்து கெடந்தீங்களே மாமா, அப்ப காப்பு அவுந்து போச்சா?"

அவள் முருகையாவிடம் திரும்பினாள். "நாளைக்கு மொத பஸ்ஸுல ஆஸ்பத்திரிக்குப் போறேன். வர்றீங்களா?"

அவன் கங்காணியின் முகத்தைப் பார்த்தான்.

"சரி, புள்ளையப் பாத்துக்கங்க. சார், நீங்க வர்றீங்களா?"

வருகிறேன் என்றேன். அறுக்கப்போவது இவள் உடம்பை. அவனோ அப்போதும் கங்காணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தூ.

விடியுமுன் எழ வேண்டும்.