ஆந்தையை நீக்கியது நான்தான்

பெரியவளே,

எழுந்ததும் முதலில் தம்பியோடு பேசு. அவன்மேல் தப்பில்லை. கம்ப்யூட்டரில் உன் ஆந்தைப் படத்தை நீக்கியது நான்தான்.

பிரவுசரைத் திறந்தால் ஆளுக்கொரு படம் போட்டு மூன்று வட்டம் வருகிறது. பஸ் எனக்கு, பந்து அவனுக்கு, ஆந்தை உனக்கு என்று நீதான் பிரித்து வைத்தாய். டிப்போவில் எனக்கு எந்த ஷிப்ட் என்று பார்க்கப் போய், கண்ணாடி போடாமல் இரண்டு தடவை ஆந்தையை அமுக்கிவிட்டேன். இரண்டு தடவையும் உன் மெயில் திறந்துகொண்டது. பெற்ற பெண்ணின் கடிதத்தைப் படிக்கிறவன் ஆகிவிடக் கூடாதே என்று, ஆந்தையை என் கண்ணில் படாமல் ஒதுக்குவதாக நினைத்து 'நீக்கு' என்பதை அமுக்கினேன். பரீட்சைக்காக நீ ஒரு வருஷமாக அதில் சேர்த்து வைத்த இணையப் பக்கங்களும் அதோடு போகும் என்று சத்தியமாகத் தெரியாது.

"எருமை, நீதானடா பண்ணே?" என்று நீ அவனைப் பிடித்தபோது நான் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். இரண்டு நாளாக அவன் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

சமைத்து மூடி வைத்திருக்கிறேன். சேர்ந்து சாப்பிடுங்கள். வெளியே போனால் சாவியை எதிர்வீட்டு டீச்சரிடம் கொடு. சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடித் தருகிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு.

அப்பா

பி.கு.: உன் மெயிலில் ஒரு வரி மட்டும் கண்ணில் பட்டுவிட்டது. "எங்கப்பா தப்பு பண்ணா ஒத்துக்கவே மாட்டார்டி" என்று தோழிக்கு எழுதியிருந்தாய். இந்தச் சீட்டைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பு.