வேட்டியில் விழுந்த சூரியன்

1962 ஜனவரி 9

இன்றும் இவர் விடிந்த பிறகுதான் படுத்தார். பால்காரர், தபால்காரர், காக்கை எல்லாரையும் நான்தான் சத்தமில்லாமல் அனுப்ப வேண்டும். ராத்திரி விழித்துப் பகலில் உறங்குகிறவரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான். தென்காசியிலிருந்து ஆய்க்குடி போகிற வழியில் இந்தப் பாறைமேல் பல்கலைக்கழகம் வானாய்வுக் கூடம் கட்டி நாலு வருஷம் ஆகிறது. இவருக்கு அங்கேதான் வேலை, வீடும் பக்கத்திலேயே. ஊரார் வாயில் அது நட்சத்திர பங்களா. குற்றாலத்தில் சாரல் என்றால் ஊரே சந்தோஷமாகக் குளிக்கப் போகும். இவர் மட்டும் மேகத்தைப் பார்த்து முகத்தைத் தொங்கப் போடுவார். இப்போது வானம் தெளிந்துவிட்டது. வீட்டில் சிரிப்பும் வந்துவிட்டது.

எனக்கு ஒன்பதாம் மாதம். பொங்கல் கழிந்ததும் பிரசவத்துக்குப் புளியங்குடி கூட்டிப்போக அண்ணன் வருவான்.

ஜனவரி 17

அண்ணன் வரவில்லை. அப்பா அனுப்பிய ஆள்தான் வந்தார். அடுத்த மாதம் மூன்றிலிருந்து ஐந்து வரை மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடுகின்றனவாம். உலகமே அழியும் என்று பாதிப்பேர் சொல்கிறார்கள். அழியாவிட்டாலும், அந்த நாட்களில் பிறக்கிற பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். அதனால் பிரசவம் இங்கேயே நடக்கட்டும் என்று அப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார்.

தலைப்பிள்ளை, தாய்வீட்டில் இல்லாமல்! அம்மா போனபோது எனக்கு ஐந்து வயது. தலைவாரிச் சோறூட்டி வளர்த்தது செல்லச்சாமி அண்ணன்தான். அவனுமா சரின்னு சொல்லிட்டான்?

ஜனவரி 18

இவரிடம் சொல்லி அழுதேன். கிரகம் கூடினால் ஒன்றும் ஆகாது என்றார். அது எனக்குத் தெரியாதா? நான் அழுதது கிரகத்துக்காகவா?

ஜனவரி 30

தென்காசியில் தெருவுக்குத் தெரு ஹோமம். எட்டுக் கிரகத்தையும் தொலைநோக்கிக் குழாயில் காட்டச் சொல்லி தினமும் ஆட்கள் வருகிறார்கள். எல்லாம் சூரியனுக்குப் பக்கத்தில் நிற்பதால் கண்ணுக்குத் தெரியாது என்று இவர் உள்ளதைச் சொல்கிறார். சர்க்கார் மறைக்கச் சொல்லியிருக்கிறது என்று பேசிக்கொண்டே இறங்கிப் போகிறார்கள். உண்மையைச் சொல்லியும் கெட்டபேர்!

மாதத்தின் முதல் சனிக்கிழமை இங்கே ஊராருக்குத் திறந்துவிடுகிற நாள். இந்த முறை அது மூன்றாம் தேதியிலேயே வருகிறது. பூட்டிவிடலாம் என்றார் காவலாள் பலவேசம் அண்ணாச்சி. பூட்டினால் இன்னும் பயப்படுவார்கள் என்றேன் நான். பிரசவத்துக்குப் பயந்து கிடக்கிறவளுக்குத்தான் அது தெரியும். சாயங்காலம் வரை காக்க வைக்காமல் காலையிலேயே திறப்போம் என்று இவர் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 3

திருவிழாக் கூட்டம்! குழாய்க்கு யாரோ குங்குமம் வைத்துவிட்டார்கள். கண்ணாடிப் பக்கம் சூடம் கொளுத்தப் போனவரை பலவேசம் அண்ணாச்சி தடுத்துவிட்டார். வாசற்படியில் உடைத்த தேங்காயில் இன்று எங்கள் வீட்டுச் சட்னி.

சூரியனைக் குழாயில் நேரே பார்த்தால் கண் போய்விடும். அதனால் குழாயின் கடைசியில் இவருடைய சலவை வேட்டியைக் கட்டி அதில் சூரியனை விழவைத்தார். தோசைக்கல் அளவுக்கு வெள்ளை வட்டம், ஓரத்தில் ரெண்டு கரும்புள்ளி. எட்டில் ஒன்று இதுதான், மற்றவை இதன் வெளிச்சத்துக்குள் மறைந்திருக்கின்றன என்று வரிசையில் வந்த ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னார். குத்துக்கல்வலசை மாடத்தியக்கா வேட்டியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, “இவரு எப்பவும்போலதான இருக்காரு” என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பத்து நாளில் இந்த ஊரில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

இடுப்பு வலிக்கிறது. சும்மா வலியா, அந்த வலியா?

பிப்ரவரி 4

ஆண். கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்தான்.

பிப்ரவரி 10

இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

சூரியனைப் பார்க்க வந்த பெண்களில் ஏழெட்டுப் பேர் அன்று வீடு திரும்பவில்லை. எனக்கு வலி கண்டதும் மாடத்தியக்கா அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பலவேசம் அண்ணாச்சி வண்டி கட்டிப்போய் நர்ஸ் ஜெபமலர் அக்காவை அழைத்து வந்தார். உலகம் அழிகிற நாள் என்று நடுங்கியவர்கள்தான் அத்தனை பேரும். என் கையை ஒருத்தியும் விடவில்லை. ஜெபமலர் அக்கா கொடியை நிதானமாக எடுத்துவிட்டு, “அழுதுட்டான், இனி நீ அழாத” என்றாள். தாய்வீடு இல்லையே என்று ஏங்கினேன். ஒரு ஊரே தாய்வீடாக வந்தது. இந்தக் கடனை எப்படித் தீர்ப்பேன்? தீர்க்க வேண்டாம். இருக்கட்டும்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. கொடி சுற்றிப் பிறந்தாலே மாமனுக்கு ஆகாது என்பார்கள். இதில் அந்த நாள் வேறு. இனி அண்ணன் இந்த வாசலை மிதிப்பானா?

பிப்ரவரி 19

அண்ணன் வந்தான்!

எலுமிச்சை லாரியில் வந்து இறங்கியவன், வீட்டுக்குள் வராமல் முதுகைக் காட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றான். கையில் வெண்கலக் கிண்ணமும் நல்லெண்ணெயும். கொடி சுற்றிய பிள்ளையை மாமன் முதலில் எண்ணெயில் விழும் நிழலாகத்தான் பார்க்க வேண்டும். அது எங்கள் வழக்கம். தங்கபுஷ்பம் மதினி கொடுத்தனுப்பியிருக்கிறாள். அப்பாவுக்குத் தெரியாதாம்.

இவர் இதையெல்லாம் கேலி பேசுகிறவர். ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னாலும் அண்ணன் வந்த வழியே போய்விடுவான்.

இவரோ அவனை வானாய்வுக் கூடத்துக்குக் கூட்டிப்போய் வேட்டியில் சூரியனைக் காட்டினார். திரும்பி வரும்போது இவர் சொன்னது எனக்கும் கேட்டது. “நாங்களும் அவரை நேரா பாக்கதில்ல, மாப்ள. இப்படித்தான் பாக்கோம்.” பிறகு கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி இவரே பிடித்துக்கொண்டார். நான் பிள்ளையை அண்ணனுக்குப் பின்னால் தூக்கிப் பிடித்தேன்.

அண்ணன் குனிந்து பார்த்தான். கொஞ்ச நேரம்தான். சட்டென்று திரும்பிப் பிள்ளையை நேருக்கு நேராகப் பார்த்துவிட்டான்.

“என்ன அண்ணே, போதுமா?” என்றேன்.

“எண்ணெயில சரியாத் தெரியலட்டி” என்று இரண்டு கையையும் நீட்டினான்.

1963 ஜனவரி 27

ஆய்க்குடி முருகன் கோவிலில் பிள்ளைக்குக் காது குத்தினோம். மாடத்தியக்காவும் ஜெபமலர் அக்காவும் வந்திருந்தார்கள். மாமன் மடியில்தானே உட்கார வேண்டும், உட்கார்ந்தான். குத்தும்போது பிள்ளை அழவில்லை. அண்ணன்தான் அழுதான். அவன் தோளில் துண்டு இருந்தும் கண்ணைத் துடைக்க அப்பாதான் தன் துண்டைக் கொடுத்தார்.